அளவில்லாததும் அளக்காததும்

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பலமநேருக்கு ஏறும் மலைப்பாதைக்கு முன்னே இருப்பது பங்காருபாளையம். அதுவே என் ஊர். ஆந்திர மாநிலத்தில் இருப்பினும், தமிழும் தெலுங்கும் அங்கு ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். கோடை வந்துவிட்டால் எங்கள் சந்தையில் மாங்காயைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. "மாங்காய் ஊர்க்காரன்" என்று விடுதித் தோழர்கள் என்னைக் கேலி செய்வதும் அதனால்தான்.

நான் இங்குக் கணிப்பொறி இயல் படிக்கின்றேன். மாங்காய்க்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். சென்ற கோடை வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இணையத்தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் "அளவற்ற பேண்ட்வித்" என்று விளம்பரம் செய்கின்றனவே, அந்த வாக்கு நேர்மையானதுதானா என்னும் கேள்வியை எனக்குக் கற்பித்தது எந்தப் பேராசிரியரும் அல்லர். என் தாய்மாமனும் அவருடைய மாந்தோப்புமே. கற்றதை நண்பர்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

ஆலை வாசலில்

2025 ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் பகுதியில் தோத்தாபுரி மாங்காயின் விலை சரிந்தது. பழக்கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு தன் பங்காக 4 ரூபாய் சேர்க்கும், ஆக உழவர்க்கு 12 ரூபாய் கிடைக்கும் என்று அறிவிப்பு வந்தது. விலைக்கு அறிவிப்பு வந்தது; ஆலையின் வயிற்றுக்கு யார் அறிவிப்புத் தரமுடியும்? ஓர் ஆலை ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அரைக்கும் என்பது அதன் இயந்திரத்தின் அளவு. காய்களோ அந்த அளவைத் தாண்டி வந்து குவிந்தன. ஆலை வாசல்களில் டிராக்டர்கள் நெடுந்தொலைவு வரிசை கட்டி நின்றன.

என் மாமாவும் அப்படி ஒரு வரிசையில் நின்றார். "எவ்வளவு கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வோம்" என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்று பகல், இரண்டு இரவு. மூன்றாம் நாள் வண்டியின் அடியில் நசுங்கிய காய்களிலிருந்து சாறு ஒழுகி, சக்கரத்தை ஈக்கள் மொய்த்தன.

வீடு திரும்பிய மாமா என்னை அழைத்தார். தோப்பின் ஒரு மூலையில் நீலமும் மல்கோவாவும் முப்பது மரங்கள் இருந்தன. "அந்தப் பழத்தையாவது சென்னை, வேலூர்க்காரங்க வீட்டுக்கே நேரா அனுப்ப ஒரு வழி பண்ணக்கூடாதா, மருமவனே? நீ படிக்கிற படிப்பு அதுக்குத்தானே?" என்றார்.

நான் ஓர் இணையத்தளம் அமைத்தேன். பழங்களின் படம், விலை, பெட்டிக்கு எத்தனை கிலோ, முகவரி எழுதும் இடம், எல்லாம் அதில் இருந்தன. தளத்தை வைக்க ஒரு நிறுவனத்தில் இடம் பிடித்தேன். அதன் பெயர் இங்கு வேண்டா. மூன்றாண்டுக்குச் சேர்த்துப் பணம் கட்டினால் மாதம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாத தொகைதான் ஆகும். விளம்பரத்தின் தலைப்பில் கொட்டை எழுத்தில் "அளவற்ற பேண்ட்வித்" என்றிருந்தது. அதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அளவே இல்லியா? அப்படி ஒண்ணு உலகத்துல உண்டா?" என்றார்.

"இது மாங்காய் இல்லை மாமா. இதற்கு அளவு கிடையாது" என்றேன். படித்தவன் என்ற செருக்கு!

ஒரு ஞாயிறு மாலை

முதல் இரண்டு வாரம் நன்றாகவே நடந்தது. நாளொன்றுக்கு ஐந்தாறு பெட்டிகள் போயின. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழம் வாங்கிய ஓர் அம்மையார் எங்கள் தளத்தின் முகவரியைத் தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இட்டார். அங்கிருந்து அது வேறு பல குழுக்களுக்குப் பரவிற்று. ஐந்து நிமிடத்தில் 2,400 பேர் வந்து கதவைத் தட்டினர். கதவு திறக்கவில்லை. திரையில் 508 என்ற எண்ணும், வளத்தின் எல்லை எட்டப்பட்டது என்னும் பொருள்படும் ஆங்கில வரியும் தோன்றின. அன்றிரவு முழுவதும் தளம் விழுவதும் எழுவதுமாக இருந்தது. வந்தவர்கள் இரண்டு முறை முயன்றார்கள். மூன்றாம் முறை யார் முயல்வார்?

அந்த வாரத்திற்கென்று பறித்து வைக்கோலில் அடுக்கியிருந்த பழங்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் குடை விரித்து, பாதி விலைக்கு விற்றுத் தீர்த்தோம்.

நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினேன். மிகப் பணிவான மறுமொழி வந்தது. "உங்கள் பேண்ட்வித்துக்கு நாங்கள் எந்த அளவும் வைக்கவில்லை. ஆனால் உங்கள் கணக்கில் ஒரே நேரத்தில் 20 வேலைகள் மட்டுமே இயங்கலாம். அதை நீங்கள் கடந்துவிட்டீர்கள். நிபந்தனைகளில் இது சொல்லப்பட்டுள்ளது." தேடிப் பார்த்தேன். சொல்லப்பட்டுத்தான் இருந்தது, பல பக்கங்கள் தாண்டி, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில்.

மாமாவிடம் விளக்கினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "ஆலைக்காரனும் பொய் சொல்லலியே! மாங்காய்க்கு அளவு வைக்கல. வாசலுக்கு வெச்சான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கின்றது. அதனை இனிக் கணக்கோடு காண்போம்.

பேண்ட்வித் என்பது யாது?

இச்சொல்லை இருவேறு பொருளில் வழங்குகின்றோம். குழப்பத்தின் வேர் அதுவே. கிணற்று மோட்டாரிலிருந்து வரும் குழாயை எண்ணிப் பாருங்கள். குழாயின் அகலம் ஒன்று. மாதம் முழுவதும் அதன் வழியே பாய்ந்த நீரின் அளவு மற்றொன்று. பேண்ட்வித் என்பதன் சரியான பொருள் அகலமே. ஒரு நொடியில் எத்தனை பிட் செல்லக்கூடும் என்பதே அது. ஆனால் ஹோஸ்டிங் விற்பவர்கள் அச்சொல்லைக் கொண்டு குறிப்பது பெரும்பாலும் மாதத்தில் பாய்ந்த மொத்தத்தை. இவ்விரண்டும் ஒன்றை ஒன்று கட்டுப்படுத்துவன. அகலம் தெரிந்தால் மொத்தத்தின் உச்சியைப் பள்ளிச் சிறுவனும் கணக்கிட்டுவிடுவான்.

நொடிக்கு 100 மெகாபிட் செல்லும் இணைப்பு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு 12.5 மெகாபைட். 30 நாள் கொண்ட மாதத்தில் 25,92,000 நொடிகள். பெருக்கினால் 32,400 ஜி.பி. வரும். இரவும் பகலும் ஒரு நொடிகூட ஓயாது பாய்ந்தாலும் அதற்கு மேல் ஒரு துளியும் பாயாது. இணைப்பு அதனினும் பத்து மடங்காயின் 3,24,000 ஜி.பி. எண் பெரிதாகலாம், எண் இல்லாமற் போகாது.

கடலுக்கடியில் போனாலும் இதே கதைதான். 2002 இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இடப்பட்ட ஐ2ஐ என்னும் கடலடிக் கம்பி, நொடிக்கு 84 இலட்சம் மெகாபிட் கடத்தும் திறனுக்கென வகுக்கப்பட்டது. இரண்டு நாடுகளை இணைக்கும் அத்தகைய கம்பிக்கே அளவு எழுதி வைத்திருக்கின்றார்கள். ஒரு சர்வரின் முதுகில் செருகிய கம்பிக்கு அளவில்லை என்றால் யார் நம்புவார்?

இன்னொன்றையும் காண்க. நமக்கு இடம் விற்கும் நிறுவனங்களும் தங்கள் இணைப்பைப் பெரிய நிறுவனங்களிடமிருந்தே வாங்குகின்றன. அவை வாங்கும் முறை பெரும்பாலும் இது: ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை போக்குவரத்தின் வேகம் குறிக்கப்படும். மாதத்தில் இவ்வாறு 8,640 குறிப்புகள் சேரும். அவற்றுள் மிக உயர்ந்த நூற்றுக்கு ஐந்தைத் தள்ளிவிடுவர்; அஃதாவது 36 மணி நேரத்து உச்சத்திற்கு மன்னிப்பு. எஞ்சியவற்றுள் உயர்ந்ததற்குப் பணம் கட்டவேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து வாங்குபவர், நமக்கு விற்கும்போது அளவே இல்லை என்கின்றார்! படியால் அளந்து அரிசி வாங்கியவர் "என் கடையில் படியே கிடையாது" என்று சொன்னால் வியப்பாக இராதா?

பகிர்வது பிழையா?

அப்படியாயின் இவர்கள் எல்லாரும் ஏமாற்றுகின்றார்கள் என்று தீர்த்துவிடலாமா? கூடாது. அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு.

டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் அக்னர் கிராருப் எர்லாங் என்ற கணிதர் பணியாற்றினார். ஊரில் தொலைபேசி வைத்திருக்கும் அனைவரும் ஒரே நொடியில் பேசுவதில்லை. ஆகவே ஆளுக்கொரு கம்பி இழுக்க வேண்டுவதில்லை. எத்தனை கம்பி இருந்தால் போதும் என்பதைக் கணக்கால் கண்டுவிடலாம் என்பது அவர் ஆய்வு. 1909 இல் வெளிவந்த அவர் கட்டுரை ஒரு புதிய கணிதத் துறைக்கே வித்தாயிற்று. தொலைபேசி, மின்சாரம், வங்கி, பேருந்து எல்லாம் இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன. ஊரார் அனைவரும் ஒரே காலையில் வங்கிக்குச் சென்று பணத்தைக் கேட்டால் எந்த வங்கிதான் தாங்கும்?

ஹோஸ்டிங்கும் இவ்வாறே. ஒரு சர்வரில் 300 தளங்களைக் குடியமர்த்தி, 100 மெகாபிட் இணைப்பைக் கொடுத்தால், சமமாகப் பிரித்தால் தலைக்கு 108 ஜி.பி. கிடைக்கும். ஆனால் 300 இல் பெரும்பாலானவை நாளுக்குப் பத்துப்பேர்கூட எட்டிப் பாராத தளங்கள். அவை 1 ஜி.பி.யும் செலவிடா. அவற்றின் மிச்சத்தை ஏனையோர் உண்பர். இதனாலேயே விலை மலிவாகின்றது. மலிவாயிருந்ததனால்தான் பங்காருபாளையத்துத் தோப்புக்காரர் ஒருவரும் உலகத்தார் முன் கடை விரிக்க முடிந்தது. பகிர்வது பிழையன்று. பகிர்ந்து கொடுப்பதைத் தனியுடைமைபோல் காட்டுவதே பிழை.

சாப்பாட்டுக் கடையின் நேர்மை

இவ்விடத்தில் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். "நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் அளவுச் சாப்பாடு ஒரு விலை, முழுச் சாப்பாடு ஒரு விலை என்று பலகை மாட்டியிருக்கின்றார்களே! முழுச் சாப்பாட்டில் கேட்கக் கேட்கச் சோறு போடுகின்றார்கள். அது பொய்யா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அது பொய்யன்று. ஏனெனில் அங்கே அளவு கடைக்காரர் கையில் இல்லை. உண்பவர் வயிற்றில் இருக்கின்றது. எப்பேர்ப்பட்ட பெருந்தீனிக்காரரும் நான்கு ஆள் சோற்றுக்கு மேல் உண்ணமாட்டார். கடைக்காரர் அதை அறிவார், நாமும் அறிவோம். மேலும் "பார்சலுக்கு அளவு உண்டு", "ஓர் இலையில் இருவர் உண்ணலாகாது" என்பவற்றையும் அதே பலகையில், அதே சுண்ணக்கட்டியால் எழுதிவிடுகின்றார். அவர் சொல்வது "சோறு அளவில்லாதது" என்பதன்று. "உமக்கு இடும் சோற்றை நான் அளக்கமாட்டேன்" என்பதே.

இங்குத்தான் இரண்டு சொற்கள் பிரிகின்றன. அளவில்லாதது வேறு, அளக்காதது வேறு. காவிரி வெள்ளத்தை உழவன் அளப்பதில்லை. அதனால் காவிரிக்கு அளவில்லை என்றாகுமா? "உங்கள் மாதப் போக்குவரத்தை நாங்கள் எண்ணமாட்டோம், அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கமாட்டோம்" என்று ஒரு நிறுவனம் சொல்லலாம். குழாயின் அகலத்தையும் கூடவே சொல்லிவிட்டால் அது முற்றிலும் நேர்மையான வாக்கு. "அளவே இல்லை" என்று சொல்வது எந்நாளும் நேர்மையாகாது.

சாப்பாட்டுக் கடைக்கும் சர்வருக்கும் மற்றொரு வேறுபாடும் உண்டு. மனிதனுக்கு வயிறு ஒன்று. தளத்திற்கு வயிறே இல்லை. இன்று பத்துப்பேர் வரும் தளத்திற்கு நாளை பத்தாயிரம்பேர் வரலாம். வாடிக்கையாளரின் பசிக்கு இயற்கையான எல்லை இல்லாதபோது, விற்பவர் எங்கேனும் ஓர் எல்லை வைத்தே ஆகவேண்டும். பேண்ட்வித்தில் வைக்கவில்லை என்றால் வேறோரிடத்தில் வைத்திருப்பார். ஒரே நேரத்தில் இயங்கும் வேலைகளில், நினைவகத்தில், கோப்புகளின் எண்ணிக்கையில், அல்லது "இயல்பான பயன்பாடு" என்ற வழுக்கலான சொல்லில் அது ஒளிந்திருக்கும்.

மறைந்திருந்த எண்

எனக்கு நேர்ந்ததைக் கணக்காக்கிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் 2,400 பேர் என்றால் நொடிக்கு 8 பேர். என் பக்கம் ஒன்றின் எடை 1 மெகாபைட். ஆக, நொடிக்கு 8 மெகாபைட், அதாவது 64 மெகாபிட் தேவை. 1,000 மெகாபிட் குழாயில் இது நூற்றுக்கு ஏழுகூட ஆகாது. அவர்கள் அளவற்றது என்ற பொருள் அன்றைக்குப் பெரும்பாலும் பயன்படாமலே கிடந்திருக்கும்!

முட்டியது வேறு இடத்தில். ஒவ்வொரு பக்கத்தையும் கேட்டவுடன் தரவுத்தளத்தில் தேடித் தொகுத்துத் தருமாறு நான் எழுதியிருந்தேன். அதற்கு 4 நொடி பிடித்தது. நொடிக்கு 8 பேர் வந்து, ஒவ்வொருவரும் 4 நொடி நின்றால், எந்நேரமும் 32 பேர் உள்ளே இருப்பார்கள். கதவோ 20 பேருக்கு. நொடிக்கு 5 பேரைத்தான் அனுப்ப முடியும்; மூவர் வெளியே தள்ளப்படுவர். தள்ளப்பட்டவர் மீண்டும் தட்டுவர். நெருக்கடி மேலும் ஏறும்.

இதிலிருந்து இன்னொரு கணக்கும் பிறக்கின்றது. நொடிக்கு 5 பேர், ஆளுக்கு 1 மெகாபைட் என்றால், மாதம் முழுதும் ஓயாது ஓடினாலும் 12,960 ஜி.பி.தான் வெளியேற முடியும். என் தளத்தைப் பொறுத்தவரை "அளவற்றது" என்ற சொல்லின் உண்மையான அளவு அதுவே! அந்த எண்ணை அவர்கள் எங்கும் எழுதவில்லை. ஆயினும் அது இருந்தது.

என் பிழையையும் மறைக்கலாகாது. விலைப்பட்டியல் நாளுக்கு ஒருமுறைதான் மாறும். அதை ஒவ்வொரு முறையும் தொகுக்காமல் முன்னரே தொகுத்து வைத்திருந்தால் 4 நொடி தேவைப்பட்டிராது. படங்களைச் சுருக்கியிருந்தால் எடையும் குறைந்திருக்கும். அடுத்த இரண்டு நாளில் இரண்டையும் செய்தேன். எல்லை இன்னதென்று முதலிலேயே தெரிந்திருந்தால் முதலிலேயே செய்திருப்பேன். மறைக்கப்பட்ட எல்லையின் பெருந்தீங்கு இதுதான். அது நம்மைத் தடுப்பது பின்னர். ஆயத்தம் செய்யவிடாமல் உறங்கவைப்பது முன்னர்.

உலகம் கண்ட வழக்குகள்

இது பழக்கூடையோடு நிற்கும் சிறு செய்தி என்று எண்ணவேண்டா. 2018 ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெண்டசினோ பகுதிக் காடுகள் பற்றி எரிந்தன. தீயணைப்பில் ஈடுபட்ட சாண்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையினர், செய்தித் தொடர்புக்கென ஒரு வண்டியில் வெரைசன் நிறுவனத்தின் "அளவற்ற" இணைப்பை வைத்திருந்தனர். மாத அளவு ஒன்றைக் கடந்ததும் அதன் வேகம் இருநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. நெருப்பு எரிந்துகொண்டிருக்கையில் அதிகாரிகள் விலை கூடிய திட்டத்திற்கு மாறக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர். இக்கட்டில் இருப்போர்க்கு வேகத்தைக் குறைத்தது தங்கள் வாடிக்கையாளர் சேவையின் தவறு என்று நிறுவனமும் பின்னர் ஒப்புக்கொண்டது.

அதே நாட்டில் ஏடி&டி நிறுவனம் "அளவற்ற" தரவு என்று விற்றுவிட்டு, மாதத்தில் 2 ஜி.பி. தாண்டியவர்களுக்கும்கூட வேகத்தைக் குறைத்தது என்று நடுவண் வணிக ஆணையம் 2014 இல் வழக்குத் தொடுத்தது. 35 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் இதற்கு உள்ளானார்கள் என்பது குற்றச்சாட்டு. 2019 இல் 6 கோடி டாலர் கொடுக்க இசைந்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. வேகக் குறைப்பு இருப்பின் அதைக் கண்ணில் படும்படி சொல்லவேண்டும் என்பதும் அந்த முடிவில் ஒரு விதி.

நம் நாட்டிலும் விழிப்பு வராமல் இல்லை. 2016 இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், வீட்டுக்குக் கம்பி வழி வரும் இணைப்புகளில் மாத அளவு முடிந்தபின்னும் வேகம் நொடிக்கு 512 கிலோபிட்டுக்குக் கீழே போகலாகாது என்று விதித்தது. 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர நெறிகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. விளம்பரத்தின் கீழே இடும் குறிப்பு, மேலே சொன்ன வாக்கை விளக்கலாம்; மறுக்கலாகாது. முதன்மையான செய்தியை மறைக்கலாகாது. வாக்கு எந்த மொழியிலோ, எந்த எழுத்திலோ, குறிப்பும் அதே மொழியில், அதே எழுத்தில் இருக்கவேண்டும். நம் சாப்பாட்டுக் கடைப் பலகை எந்தச் சட்டமும் படிக்காமலே செய்து வந்ததைத்தான் சட்டம் இப்போது கேட்கின்றது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

நம் மன்றத்திற்கும், துறை விழாக்களுக்கும், நண்பர்களின் சிறு தொழில்களுக்கும் தளம் அமைக்கும் வேலை நம்மில் பலருக்கு வருகின்றது. பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெறுங்கள்.

ஒன்று: குழாயின் அகலம் என்ன? நொடிக்கு எத்தனை மெகாபிட், அதை எத்தனைபேர் பகிர்கின்றார்கள்?

இரண்டு: ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் இயங்கலாம்? நினைவகம் எவ்வளவு?

மூன்று: எத்தனை கோப்புகள் வைக்கலாம்? படமும் ஒலியும் வைக்கத் தடையுண்டா?

நான்கு: எல்லையைத் தொட்டால் என்ன நடக்கும்? வேகம் குறையுமா, தளம் நிற்குமா, கூடுதல் கட்டணம் வருமா? முன்னறிவிப்பு உண்டா?

இந்த நான்கிற்கும் எண்ணால் விடை சொல்பவர் "மாதம் 1,000 ஜி.பி." என்று சிறிதாகச் சொன்னாலும் அவரையே நம்புங்கள். "அதெல்லாம் கவலைப்படாதீர்கள், எல்லாம் அளவற்றது" என்பவரிடமிருந்து விலகுங்கள். நானும் இப்போது எண்கள் எழுதிய திட்டம் ஒன்றிற்கு மாறிவிட்டேன். மாதம் சில ரூபாய் கூடுதல். ஆனால் இரவில் உறங்க முடிகின்றது.

நாளைக்கு நாம்

நண்பர்களே! இன்று நாம் வாங்குபவர்கள். நாளை நம்மில் சிலர் விற்பவர்களாவோம். ஏதோ ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் அமர்ந்து, விளம்பரத்திற்கு ஒரு சொல் எழுதச் சொல்வார்கள். போட்டியாளர் எல்லாரும் "அளவற்றது" என்று எழுதியிருக்க, "நாங்கள் மட்டும் அளவு எழுதினால் யார் வாங்குவார்?" என்று மேலாளர் கேட்பார். அந்த நேரத்தில் எனக்கு என் மாமாவின் டிராக்டர் நினைவுக்கு வரவேண்டும் என்று விரும்புகின்றேன். அவர் கேட்டது அளவற்ற ஆலையை அன்று. "இன்றைக்கு இத்தனை வண்டிதான்" என்று ஒருவர் காலையிலேயே சொல்லியிருந்தால், அவர் காயைப் பறிக்காமல் மரத்திலேயே விட்டிருப்பார்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். புதிய திட்டத்தின் தாளை மாமாவிடம் காட்டினேன். எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், "அளவு போட்டிருக்கான் இல்ல? அப்ப சரி. அடுத்த வருசம் எத்தன பெட்டி அடிக்கலாம்னு இதுக்கு ஏத்த மாதிரி கணக்குப் போடு" என்றார்.

கணக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றேன்.